சுகமாகாதவர்களுக்கு நாலு பக்கம்



அக்டோபர் இதழ் உங்கள் கைக்கு வரும்போது கரிசலில் விதைப்பு ஏறக்குறைய முடிந்திருக்கும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போனாலும் சரி, கழுகுமலை போனாலும் சரி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உழுது போட்ட கருநிலம்தான். மக்காச்சோளத்தையும் உளுந்தையும் பாசியையும் புரட்டாசிப் புழுதியிலேயே விதைத்துவிட்டவர்கள் இப்போது மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் மழை அரைகுறையாகப் பெய்தால் விதை மண்ணுக்குள்ளேயே கெட்டுப்போகும். திரும்ப விதை வாங்க வேண்டும், திரும்ப டிராக்டருக்குக் கொடுக்க வேண்டும். முளைத்து வந்துவிட்டால் படைப்புழு. அதற்குத் தப்பினால் காட்டுப்பன்றி. இத்தனையும் தெரிந்துதான் விதைக்கிறார்கள். இந்த மண்ணுக்காரர்களிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் பண்ண எனக்குத் துணிச்சல் கிடையாது.

அதனால் பிரசங்கத்தை விட்டுவிட்டு, இந்த மாதத்தோடு சம்பந்தப்பட்ட இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்தவர். மற்றவர் 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்தவர்.

முதலாமவர் தாமஸ் கஜட்டன் ராக்லாந்து ஐயர். 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, லிவர்பூலில் ஒரு வியாபார அலுவலகத்தில் வேலை பார்த்து, அதற்கப்புறம் கேம்பிரிட்ஜில் படிக்கப் போனவர். 1841இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே நான்காவதாக வந்தார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரைத் தன் ஃபெல்லோவாக வைத்துக்கொண்டது. கடைசிவரை அங்கேயே புத்தகமும் புல்தரையுமாக இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1846இல் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் செயலாளராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பெரும்பாலும் மேஜை வேலை. அந்த வேலையாகத் திருநெல்வேலிக்கு வந்துபோனபோதுதான் ஜில்லாவின் தெற்குக்கும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு உறைத்தது. தெற்கே பனங்காட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் கோவில், உபதேசியார், பள்ளிக்கூடம். வடக்கே கரிசலில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. கோவில்பட்டி வழியாக ரயில் ஓடுவதற்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது.

அவருக்கோ நெஞ்சு பலவீனம். உடம்பு சரியில்லாமல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனார். போனவர் அங்கே தங்கவில்லை. 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு ஊழியத்தைத் தொடங்கினார். நிலையான பங்களா கிடையாது. ஓர் ஊருக்குப் பக்கத்தில் சில நாள், பிறகு கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றி அடுத்த ஊர். தெற்கத்திச் சபைகள் தங்கள் காணிக்கையில் உபதேசிமார்களை மாற்றி மாற்றி ஒரு மாதத்துக்கு என்று வடக்கே அனுப்பிவைத்தன. மிஷனரி கதைகளில் வெள்ளைக்காரர்கள் பெயர்தான் நிற்கிறது. சொந்த ஊர் வேலையைப் போட்டுவிட்டு, பேச்சு வழக்கும் சாப்பாடும் வேறான கரிசலுக்கு நடந்து வந்த அந்த உபதேசிமார்களின் பெயர்களை யாராவது தேடி எடுத்து எழுதினால் இந்தப் பத்திரிகை அதைச் சந்தோஷமாக வெளியிடும்.

கூடார வாழ்க்கை கரிசலில் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சித்திரையில் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கிற நிலம் ஐப்பசியில் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். நனைந்த கரிசலில் கூடார முளை நிற்காது. வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் இறங்கும். நெஞ்சில் நோயை வைத்துக்கொண்டு இதில்தான் நாலு வருஷம் அலைந்தார். அவர் கண்காண வந்த பலன் சொற்பம். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இருந்தபோது நெஞ்சிலிருந்து ரத்தம் வந்தது. படுத்தார். ஃபென் பக்கத்தில் இருந்தார். மேலே பார்த்துப் புன்னகையோடு இயேசுவின் பெயரைச் சொன்னார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. வயது நாற்பத்துமூன்று.

வெற்றிக்கு எத்தனையோ திட்டங்கள் சொல்லலாம், ஆனால் நிச்சயமான திட்டம் கிறிஸ்து கைக்கொண்டதுதான், கோதுமை மணியைப் போல நிலத்தில் விழுந்து சாவதுதான் என்கிற கருத்தை அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேம்பிரிட்ஜில் நான்காவதாக வந்தவர் போட்ட கணக்கு இது. யோவான் 12ஆம் அதிகாரத்தை எத்தனையோ பேர் பிரசங்கித்திருக்கிறார்கள். ராக்லாந்து அதை விதைப்பு மாதத்தில், வானம் பார்த்த பூமியில் வைத்துக் காட்டினார். அவருக்குப் பின்னால் ஃபென்னும் மெடோஸும் தொடர்ந்தார்கள், சாட்சியாபுரம் என்ற மிஷன் ஊர் எழுந்தது, வடக்கே சபைகள் வளர்ந்தன. ஆனால் அதை அவர் பார்க்கவில்லை. பின்னால் வளர்ந்ததைச் சொல்லி அவருடைய பாடுகளை நியாயப்படுத்துவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு வேளை ஒன்றுமே வளராமல் போயிருந்தால்? அந்தக் கடைசிப் புன்னகை அப்போதும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

ராக்லாந்தின் வாழ்க்கையை 1922இல் ஒரு புத்தகமாக எழுதியவர்தான் நான் சொல்ல வந்த இரண்டாவது ஆள். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். வட அயர்லாந்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, அதன்பின் ஒரு தடவைகூட ஊர் திரும்பாதவர். கோவில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் எடுத்து வளர்த்தவர். ஓயாமல் நடந்துகொண்டே இருந்த பெண்மணி. 1931 அக்டோபர் 24 அன்று, ஊழியத்துக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்ப்பதற்காகக் களக்காட்டுக்குப் போனார். சாவி கிடைக்கத் தாமதமாகி, உள்ளே போகும்போது அந்தி சாய்ந்துவிட்டது. கழிப்பறைக்காக வெட்டிய குழி, இருக்க வேண்டாத இடத்தில் இருந்தது. விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. அப்போது வயது அறுபத்துமூன்று. கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18 அன்று இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில்தான் இருந்தார்.

விழுந்த அன்று காலையில், தன்னை இன்னும் நன்றாக உபயோகப்படுத்த எது தேவையோ அதைச் செய்யும்படி அவர் ஜெபித்திருந்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. பிரசங்கிமார்களுக்கு இது கையில் கிடைத்த கற்கண்டு. காலையில் ஜெபம், மாலையில் பதில் என்று முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்த முடிச்சில் பயம் உண்டு. குழியை ஆண்டவர் வெட்டவில்லை. ஆட்கள் வெட்டினார்கள், தப்பான இடத்தில் வெட்டினார்கள், இருட்டிவிட்டது. அதற்கு அப்புறம் நடந்ததை அம்மையார் ஆண்டவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார் என்றால் அது அவருடைய உரிமை, விழுந்தவருடைய உரிமை. கரையில் நிற்கிற நமக்கு அந்த உரிமை இல்லை. அடுத்த வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வருகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

படுக்கையிலிருந்து அவர் எழுதிய புத்தகங்களில் ஒன்று 1933இல் வந்தது. சுகமாக இருப்பவர்கள் எழுதிய ஆறுதல் வார்த்தைகள் வலியில் கிடக்கிறவருக்கு எட்டாமல் போகின்றன என்பதை அவர் தன் படுக்கையில் கண்டுகொண்டார். அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே அந்தப் புத்தகத்தை எழுதினார். வலி இருந்தது. தூக்கம் வராத இராத்திரிகள் இருந்தன. பிள்ளைகளோடு ஓட முடியவில்லை என்ற தவிப்பு இருந்தது. அவர் கிடந்த அறையைச் சமாதான அறை என்று சொன்னார்கள். வலி போன பிறகு வைத்த பெயர் அல்ல, வலி இருக்கும்போதே நிலைத்த பெயர்.

இனி, நம் பக்கத்துக் காரியத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஒரு சேகரத்தில் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் போயிருந்தேன். ஆராதனை முடிந்து அசனம். பந்தலில் எனக்குப் பக்கத்து இலையில் ஓர் அம்மா. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி அடுக்கி விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வீட்டுக்காரருக்கு வாதம் அடித்து வருஷக்கணக்காகப் படுக்கை. நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "தம்பி, சாட்சி சொல்ற நேரத்துல சுகமானவங்க மட்டுந்தான் எந்திச்சு நிக்காக. எங்க வீட்ல இன்னும் கையி வரல. நான் எந்திச்சு என்னத்தச் சொல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரும் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "ராத்திரி அவருக்குத் துணி மாத்தி, திருப்பிப் படுக்க வச்சிட்டு, நடையில வந்து உக்காருவேன். அப்ப ஒரு அமைதி வரும் பாருங்க. அது எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது. விடிஞ்சா போயிரும். மறுநா ராத்திரி திரும்ப வரும்." பரிமாறுகிறவர் வந்தபோது, "ரெண்டு கரண்டி இதுல ஊத்துய்யா, அவருக்கு" என்று தூக்குவாளியை நீட்டினார்.

விடிந்தால் போய்விடும், மறுநாள் திரும்ப வரும் என்று அவர் சொன்னதை நான் வெகுநாள் யோசித்தேன். நாம் இளைப்பாறுதல் என்றால் ஒரேயடியாகக் கிடைத்துவிடுவது என்று நினைக்கிறோம். கடன் அடைந்ததுபோல, ஆபரேஷன் முடிந்ததுபோல. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு விழுந்த மன்னா அப்படி இல்லை. அன்றன்றைக்கு உரியது. மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுக்குப் புழு வைத்துப் போயிற்று. அந்த அம்மா தூக்குவாளியில் சோறு வாங்கினார், அந்த அமைதியை வாங்கி வைக்க முயலவில்லை. கிருபையைப் பற்றி நான் படித்த கனமான புத்தகங்கள் சில இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை ஆண்டவர் அழைக்கிற அழைப்பு நம்மில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் காலண்டராகத் தொங்குகிறது. மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கடைசி அது. அந்த அதிகாரத்தின் தொடக்கத்தைக் காலண்டர்காரர்கள் போடுவதில்லை. அங்கே யோவான் ஸ்நானகன் சிறைச்சாலையில் இருக்கிறார். வருகிறவர் நீர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று தன் சீஷர்களை விட்டுக் கேட்கிறார். எவ்வளவு வலித்திருந்தால் அவரே இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்! ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அவரைப் பெருமையாகத்தான் பேசுகிறார். சிறையிலிருந்து விடுவிக்கவும் இல்லை. 14ஆம் அதிகாரத்தில் யோவானின் தலை தாலத்தில் வருகிறது. சிறைக்கதவு திறக்காத அதே அதிகாரத்தில்தான் அந்த அழைப்பும் இருக்கிறது. கதவு திறந்த பிறகு வாருங்கள் என்று அதில் இல்லை.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்சத்தில் ஒரு முள். மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்று மட்டும் பதில் வந்தது. நம் சபைகளில் இன்றைக்குச் சாட்சி நேரத்தில் பவுல் எழுந்து இதைச் சொன்னால், விசுவாசம் குறைவு என்று பின்பெஞ்சில் யாராவது முணுமுணுப்பார்கள். கெத்செமனேயில் ஆண்டவரும் மூன்று தரம்தானே கேட்டார்? அந்தப் பாத்திரமும் நீங்கவில்லை. சுகத்துக்காக ஜெபிப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதையும் ஜெபிப்பதையும் ஒருபோதும் விடாதீர்கள். சுகம் வந்தால்தான் சாட்சி என்ற சட்டத்தை மட்டும் யார் போட்டது என்று கேட்கிறேன்.

கத்தோலிக்க வாசகர்கள், "உங்கள் ஆட்களையே சொல்லிக்கொண்டு போகிறீர்களே" என்று கோபிக்க வேண்டாம். காமநாயக்கன்பட்டியைச் சொல்லாமல் கோவில்பட்டிப் பக்கத்து வேதப் பாடுகளின் கதையைச் சொல்ல முடியாது. வீரமாமுனிவர் பணி செய்த மண். ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவில் தேருக்குப் பின்னால் கும்பிடு சேவை செய்துகொண்டு போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலும் முழங்கையும் தெருமண்ணில் படப்பட விழுந்து எழுந்து போகிறார்கள். நான் வளர்ந்த சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அவர்களில் ஒருத்தியிடம் போய் உன் வேண்டுதல் நிறைவேறிற்றா என்று கேட்க எனக்கு நா எழாது.

அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புனித தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டன் பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியில் இருந்தவர். சொத்து நஷ்டமும் குடும்பக் கஷ்டமும் சேர்ந்து மனம் ஒடிந்திருந்த சமயம், குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரிடமே தளபதியான டச்சுக் கம்பெனிக்காரர் டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. அந்தக் கதைதான் அவரை வேதத்துக்குள் இழுத்தது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749இல் சிறை. அடி, அவமானம், எருமை மேல் ஊர்வலம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம்.

யோபுவின் கதையைக் கேட்டு வந்தவர் அவர் என்பதுதான் என்னை உறுத்துகிறது. யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் திரும்பிக் கிடைத்தது. ஆடும் ஒட்டகமும் இரண்டத்தனையாக, கூடவே பிள்ளைகள், நீண்ட ஆயுசு. அந்தக் கடைசி அதிகாரத்தை நம்பி வந்தவராக இருந்தால் நீலகண்டன் பிள்ளை பாதி வழியிலேயே திரும்பியிருக்க வேண்டும். அவருக்குத் திரும்பி வந்தது ஒன்றும் இல்லை, உள்ளதும் போயிற்று. திரும்பிவிட்டால் விடுதலை என்ற வாசலும் அடைபட்டுக் கிடக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டது யோபுவின் கடைசி அதிகாரத்தை அல்ல, நடுப்பகுதியை என்று நான் நினைக்கிறேன். சாம்பலில் உட்கார்ந்துகொண்டு, உடம்பெல்லாம் புண்ணோடு, ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டே அவரை விடாமல் இருக்கிற யோபு. நம் சபைகளில் அந்த நடு அதிகாரங்களை யாரும் முழுதாக வாசிப்பதில்லை. முதல் இரண்டு அதிகாரம், பிறகு ஒரே தாவாக நாற்பத்திரண்டு.

இத்தனையும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. இந்தப் பத்திரிகைக்கு மாதந்தோறும் சாட்சிக் கடிதங்கள் வருகின்றன. கட்டி கரைந்தது, வேலை கிடைத்தது, வழக்கு ஜெயித்தது. வரட்டும், தொடர்ந்து வெளியிடுவோம். டிசம்பர் இதழில் கிறிஸ்மஸ் பக்கங்கள் போக நாலு பக்கத்தைச் சுகமாகாதவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். படுக்கையில் இருப்பவர்கள், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், இரண்டு வருஷமாக விதைத்ததை எடுக்க முடியாதவர்கள் எழுதுங்கள். முடிவில் அற்புதம் நடந்ததாக எழுத வேண்டிய அவசியம் இல்லை. கோபமாக எழுதினாலும் பரவாயில்லை. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும், எழுத்துப் பிழைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, நவம்பர் 10க்குள் கிடைக்கும்படி அனுப்பிவையுங்கள். அச்சகத்தில் டிசம்பர் வேலையை முன்கூட்டியே கேட்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்